அத்தானின் பாதத்துக்குள் ஊமல்கரி

அத்தானின் செயற்கைக் கால் எழுவைதீவு இறங்குதுறையில் முறிந்த அன்று, நான் யாழ்ப்பாணத்தில் ஆய்வுகூடத்துக்குள் ஊமல்கரி அரைத்துக்கொண்டிருந்தேன். அக்கா போன் எடுத்து, "பயப்பிடாதை, ஆளுக்கு ஒண்டுமில்லை" என்றுதான் தொடங்கினாள். அவள் அப்படித் தொடங்கினால் ஏதோ நடந்துவிட்டது என்று அர்த்தம். வள்ளத்திலிருந்து துறைக்கட்டில் காலை வைத்தபோது பாதம் உள்ளே மடங்கியிருக்கிறது. வள்ளத்துக்கும் கட்டுக்கும் நடுவில் விழப் போனவரை, கூட வந்த ரீச்சர்மார் இரண்டு பேர் சேட்டையும் கையையும் பிடித்து இழுத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். இழுத்த இழுவையில் தோள்மூட்டு விலகிவிட்டது. "தோள் எண்டாலும் பரவாயில்லை, தலை அடிபட்டிருந்தால்?" என்றாள்.

அத்தான் கணித ஆசிரியர். வீடு சரவணையில். ஒவ்வொரு நாளும் விடிய ஊர்காவற்றுறைக்குப் போய், வள்ளம் ஏறி, எழுவைதீவுப் பள்ளிக்கூடத்துக்குப் போய் வருவார். இடது காலில் முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். சண்டை முடிந்த பிறகு வன்னியில் தமையனின் காணியைத் துப்புரவாக்கப் போன இடத்தில் மிதிவெடியில் போனது. அக்கா அவரைக் கட்டியது அதற்குப் பிறகு. வீட்டில் அந்தக் கால் ஒரு சாமான் மாதிரித்தான். பள்ளிக்கூடத்தால் வந்ததும் கழற்றி யன்னலோரம் சாத்திவிட்டுக் கதிரையில் இருந்து பேப்பர் வாசிப்பார். பிள்ளைகள் அதற்குச் சப்பாத்து மாட்டி விளையாடுவார்கள். காலைப் பற்றிக் கதை வந்தால், அதை மாற்றாமல் இரண்டு வசனத்தில் முடித்துவிடுவார்.

பாதம் முறிந்தது அதுதான் முதல் தரமில்லை. ஆனால் மற்ற நேரங்களில் வீட்டு வாசலிலோ வகுப்பறையிலோ முறிந்தது; அவரே ஒரு கயிற்றால் கட்டிக்கொண்டு வந்துவிடுவார். இந்த முறை கடலுக்கு மேலே.

அடுத்த கிழமை நான்தான் அந்தக் காலை ஒரு உரப்பையில் சுற்றி, யாழ்ப்பாணத்தில் கால் செய்து கொடுக்கும் நிலையத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே வேலை செய்பவர் நிதானமான மனிதர். பாதத்தின் ரப்பரை வெட்டிப் பிரித்து, உள்ளே இருந்த தகட்டை எடுத்து என் கையில் தந்தார். காலை ஊன்றி அடுத்த அடி வைக்கும்போது வில்லுப்போல வளைந்து நிமிர வேண்டிய தகடு அது. கண்ணாடி நார்த் துணியை அடுக்கி, பிசின் ஊற்றி இறுக்கிச் செய்வது. நனைந்த மட்டை போலப் படை படையாகப் பிரிந்து கிடந்தது. இடுக்குகளில் உப்புப் பூத்திருந்தது.

"வயல், தோட்டம் எண்டால் இது தாங்கும் தங்கச்சி. ஒவ்வொரு நாளும் உப்புத்தண்ணி எண்டால் எனக்கும் வழி தெரியேல்லை" என்றார்.

வேறொரு தகடு வைத்துத் தருவதாகவும், ஆனால் அதுவும் இதே மாதிரித்தான் என்றும் சொன்னார். பழைய தகட்டை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். பஸ்ஸில் வரும்போது அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நார் ஒன்றும் அறுந்திருக்கவில்லை. நார்களுக்கு நடுவில் இருந்த பிசின்தான் வெடித்து, பிடியை விட்டிருந்தது. வெடிப்புக்குள்ளால் கடல் தண்ணீர் போயிருக்கிறது. பண்ணைப் பாலத்தைத் தாண்டும்போதே, இது நான் செய்துகொண்டிருக்கும் வேலைக்குக் கிட்டிய விஷயம் என்று தெரிந்துவிட்டது. சந்தோசமாக இல்லை. ஏனென்றால் அந்த வேலை எனக்குச் சரிவந்துகொண்டிருக்கவில்லை.

ஊமல் என்றால் பனங்கிழங்கு எடுத்த பிறகு மிஞ்சுகிற கொட்டை. எங்கள் புளியங்கூடல் பக்கம் வேலியோரங்களில் குவிந்து கிடக்கும்; அடுப்பெரிக்க எடுப்பார்கள். அதைக் காற்றுப் புகாமல் சுட்டுக் கரியாக்கி, மாவைப்போல அரைத்து, பிசினுக்குள் கலந்தால் பிசின் உறுதிப்படுமா என்பதுதான் என் ஆராய்ச்சி. நுண்ணிய கரித்துணிக்கைகள் பிசினுக்குள் பரவி இருந்தால், வெடிப்பு ஒன்று ஓடி வரும்போது அவை குறுக்கே நின்று தடுக்க வேண்டும். புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. என் கையில் கரி கலந்த பிசின், கலக்காத பிசினைவிடக் கெதியாக முறிந்தது.

காரணமும் எனக்குத் தெரியும். ஊமல்கரித் தூளை ஒரு கிளாஸ் தண்ணீருக்குள் போட்டால் மேலேயே மிதக்கும். கரண்டியால் அமத்திக் கலக்கினாலும் திரும்ப மேலே வந்துவிடும். நனையாது. பிசினுக்குள்ளும் அது அப்படித்தான் இருக்கும். கலந்த மாதிரித் தெரியும், ஒட்டியிருக்காது. ஒவ்வொரு துணிக்கையைச் சுற்றியும் கண்ணுக்குத் தெரியாத ஒரு இடைவெளி. அந்த இடைவெளிகள் எல்லாம் சேர்ந்தால் தண்ணீருக்கு ஒரு வழி.

ஆகவே கரியின் மேற்பரப்பை மாற்ற வேண்டும். நைத்திரிக்கமிலத்தில் இட்டு அளவாகச் சூடாக்கினால் மேற்பரப்பில் ஒட்சிசன் ஏறும். ஒட்சிசன் ஏறிய இடங்கள் பிசினோடு இறுகப் பிணையும். சூடு கூடினால் கரியே அரித்துப் போய்விடும். குறைந்தால் ஒன்றும் நடக்காது. பிறகு அமிலம் முழுக்கப் போகும்வரை கழுவ வேண்டும். என்னதான் செய்கிறாய் என்று அக்கா ஒருநாள் குசினியில் வைத்துக் கேட்டபோது, "கரிக்குக் கை முளைக்கப் பண்ணுறன்" என்றேன். "இஞ்சை உள்ள கையளாலை வேலை முடியேல்லை" என்று சொல்லிவிட்டு மீன் வெட்டப் போனாள்.

அத்தானின் தகட்டைப் பார்த்த பிறகு நான் அந்த வேலையை வேறு மாதிரிச் செய்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். அதற்கு முன் அது எனக்குப் பட்டத்துக்கான வேலை. பிறகு மத்தியானச் சாப்பாட்டையும் மறந்து அமில ஆவியை வெளியே இழுக்கும் புகைபோக்கிப் பெட்டிக்கு முன்னால் நின்றேன். சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினேன். ஒருநாள் பின்னேரம், காய்ச்சி வடித்த தண்ணீரில் கழுவிக் காயவைத்த தூளில் ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீரில் போட்டேன். அது மிதக்கவில்லை. மை கரைவதைப் போலக் கறுப்பாகக் கீழே இறங்கி, கிளாஸின் அடியில் அமைதியாகப் படிந்தது. நான் கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிட்டேன்.

அந்தக் கரியைக் கலந்து கண்ணாடி நாரோடு செய்த துண்டுகளைப் பண்ணைக் கடல் தண்ணீரில் ஊறப்போட்டு, பிறகு வளைத்துப் பார்க்கும் இயந்திரத்தில் போட்டோம். சும்மா பிசினில் செய்த துண்டுகள் பிரிந்த பிறகும் அவை வளைந்து நிமிர்ந்துகொண்டே இருந்தன. என்னை வழிநடத்திய பேராசிரியை இலேசில் புகழ மாட்டார். அன்று, "இன்னொருக்காச் செய்து காட்டும். ரெண்டாம் தரமும் வந்தால் நம்புறன்" என்றார்.

இரண்டாம் தரம் வரவில்லை.

அது நாட்டில் எரிபொருள் இல்லாத காலம். பஸ் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. பல்கலைக்கழகம் திறந்தும் மூடியும் கிடந்தது. எழுவைதீவு வள்ளத்துக்கு மண்ணெண்ணெய் கிடைக்கிற நாளில்தான் அத்தானுக்கும் பள்ளிக்கூடம். அமிலத்தில் செய்யும் வேலையை ஆய்வுகூடத்தில் முடித்து, அங்கே இருந்த காய்ச்சி வடித்த தண்ணீரில் முதல் கழுவலையும் செய்துவிட்டு, மிச்சக் கழுவலை வீட்டில் செய்ய அனுமதி கேட்டு, கறுத்தக் குழம்பாக இருந்த கரியை மூடிய வாளியில் புளியங்கூடலுக்குக் கொண்டுவந்தேன். எங்கள் கிணற்றுத் தண்ணீரை வடிகட்டி, பல தடவை மாற்றி மாற்றிக் கழுவினேன். தண்ணீரில் அமிலம் இல்லை என்று காட்டும்வரை விடவில்லை. பிறகு தட்டுகளில் பரப்பிக் காயவைத்தேன்.

அந்தக் கரியில் செய்த துண்டுகள் கடல் தண்ணீரில் ஊறிய பிறகு, அத்தானின் பழைய தகடு போலவே படை படையாகப் பிரிந்தன. இன்னொரு முறை செய்தேன். அதுவும் பிரிந்தது. பேராசிரியை கோபிக்கவில்லை. முதல் தரம் தற்செயலாக வந்திருக்கலாம், ஆராய்ச்சியில் அப்படி நடப்பது உண்டு, தலைப்பைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம் என்று ஆறுதலாகச் சொன்னார். அவர் கோபித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

வீட்டிலும் அந்த நாட்கள் நல்லாக இருக்கவில்லை. தோள் சுகமாகி அத்தான் திரும்பப் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தார். புதுத் தகடு வைத்த காலைப் பிளாஸ்ரிக் பையால் சுற்றிக் கட்டிக்கொண்டு போவார். எழுவைதீவுத் துறையில் பிள்ளைகளின் தகப்பன்மார், கடற்றொழில் செய்கிற ஆட்கள், இரண்டு பக்கமும் பிடித்து அவரைத் தூக்கி இறக்குவார்கள். அன்பாகத்தான் செய்தார்கள். ஆனால் படிப்பிக்கப் போகிறவரை ஒவ்வொரு நாள் காலையும் மூட்டை தூக்கினாற்போலத் தூக்கி இறக்குவது அவருக்கு எப்படி இருந்திருக்கும்? அதை அவர் சொல்லவில்லை. அக்காதான் சொன்னாள். சரவணைப் பக்கமாக ஒரு பள்ளிக்கூடத்துக்கு இடமாற்றம் கேட்கச் சொல்லி அவள் ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொண்டிருந்தாள். தான் போனால் அந்தப் பிள்ளைகளுக்குக் கணக்குக்கு ஆள் வராது என்று அவர் சொல்வார். இரண்டு பேரும் சரி. அதனால் அந்தச் சண்டை முடியவில்லை.

ஆய்வுகூடத்துக்குத் திருப்பிக் கொண்டுபோக, வாளி, தட்டுகளை எல்லாம் கழுவ எடுத்த ஒரு காலையில்தான் அதைக் கண்டேன். காயவைத்த தட்டு ஒன்றின் விளிம்பில், கறுப்புத் தூள் முடிகிற இடத்தைச் சுற்றி, நூல்போல மெல்லிய வெள்ளைக் கோடு. விரலால் உரசினேன். சுண்ணாம்புபோல ஒட்டியது. எங்கள் வீட்டில் தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்திலுக்குள் படிகிற அதே வெள்ளை. தீவுக் கிணறு எல்லாம் சுண்ணாம்புக் கல்லுக்குள் வெட்டியவை. தண்ணீரில் கல்சியம் நிறைய. அந்தக் கேத்திலைச் சுரண்டிச் சுரண்டியே வளர்ந்தவள் நான். ஆனால் அமிலம் போய்விட்டதா என்று மட்டும் பார்த்த எனக்கு, அமிலம் போன இடத்துக்கு என்ன வந்தது என்று பார்க்கத் தோன்றியிருக்கவில்லை.

கரியின் மேல் முளைத்த கைகள் பிசினைப் பிடிக்க முன்னமே கல்சியத்தைப் பிடித்துக்கொண்டுவிட்டன. இதுவாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் இதுவாக இருக்க வேண்டும் என்று நான் எவ்வளவு விரும்பினேன் என்பதும் எனக்குத் தெரிந்தது. அதனால் ஒருவருக்கும் சொல்லவில்லை.

மாரிமழை தொடங்கியிருந்தது. அமிலத்தில் புதிதாகச் செய்த கரியை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை எங்கள் கிணற்றுத் தண்ணீரிலும் மறு பாதியை அக்கா வீட்டுத் தாங்கியில் பிடித்த மழைத்தண்ணீரிலும் கழுவினேன். இரண்டிலும் கொஞ்சம் எடுத்து உலையில் முழுக்க எரித்துப் பார்த்தேன். மழைத்தண்ணீர்க் கரியில் சாம்பல் பேருக்குத்தான் மிஞ்சியது. கிணற்றுத் தண்ணீர்க் கரி, வெள்ளையாக, கோப்பையின் அடியை மூடுகிற அளவுக்குச் சாம்பல் விட்டது.

இரண்டிலும் துண்டுகள் செய்து, கடல் தண்ணீரில் ஊறப்போட்டு, இயந்திரத்தில் மாட்டியபோது பேராசிரியையும் பக்கத்தில் வந்து நின்றார். கிணற்றுத் தண்ணீர்த் துண்டு பிரிந்தது. மற்றது பிரியவில்லை. இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அப்ப முதல் தரம் நீர் செய்தது சரி" என்றார். நான் "ஓம் மிஸ்" என்றேன். அவருடைய அந்த ஒரு வசனத்துக்காக எத்தனை மாதம் நெஞ்சுக்குள் கல்லைச் சுமந்துகொண்டு பஸ்ஸில் போய் வந்தேன் என்று அப்போதுதான் விளங்கியது. வெளியே கிடந்த மர வாங்கில் போய் இருந்து, ஒருவரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, கொஞ்சம் அழுதேன்.

அதற்குப் பிறகும் அத்தானின் காலுக்குள் அது உடனே போய்விடவில்லை. கால் செய்பவர் தன் அளவுக்குத் தகடு செய்து தரச் சொல்லி, ஒன்றை வேண்டுமென்றே முறித்துப் பார்த்தார். எப்படி முறிகிறது என்று தெரிய வேண்டுமாம். திடீரென்று முறிகிற தகட்டை ஒருவருக்கும் வைக்க மாட்டாராம். அது முதலில் முனகிச் சத்தம் போட்டு, பிறகு மெல்ல வளைந்து கொடுத்தது. அது அவருக்குப் பிடித்தது. பிறகும் பல நாள் நிலையத்துக்குள்ளேயே, இரண்டு கம்பிகளுக்கு நடுவே அத்தானை நடக்கவிட்டார். கடைசியில் அத்தான் அந்தக் காலோடு வீட்டுக்கு வந்து, பழைய மாதிரியே பேப்பர் வாசித்தார். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "நல்ல காலைப்போல இருக்கு எண்டு பொய் சொல்ல மாட்டன் மச்சாள். ஆனா ஊண்டப் பயமில்லை" என்றார்.

பயம் இப்போது எனக்குத்தான் வந்தது. பழைய தகடு முறிந்தால் அது யாரோ செய்தது. இது நான் செய்தது. அவர் திரும்ப வள்ளத்தில் போகத் தொடங்கிய முதல் நாள் வாடைக்காற்று பலமாக இருந்தது. அன்று ஆய்வுகூடம் போகவில்லை. மத்தியானத்துக்குப் பிறகு அக்காவும் நானும் ஊர்காவற்றுறை இறங்குதுறைக்குப் போய் நின்றோம். வள்ளம் வருகிற நேரம் கடந்தது. கடல் சாம்பல் நிறத்தில் கொந்தளித்தது. துறையில் நின்ற ஒருவர், காற்றுக்குப் பிந்தித்தான் வெளிக்கிட்டிருப்பார்கள், யோசிக்க வேண்டாம் என்றார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

முதலில் வள்ளம் தூரத்தில் தெரிந்தது. கிட்ட வந்தபோதுதான் கண்டேன். அத்தான் வள்ளத்தின் விளிம்பில் இருந்தார். செயற்கைக் கால் அவருடைய மடியில் கிடந்தது. இடது காற்சட்டை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

அக்கா கையை விட்டுவிட்டு முன்னுக்குப் போனாள். நான் போகவில்லை. கூட வந்த ரீச்சர்மார் பிடிக்க, அத்தான் ஒற்றைக் காலில் துறைக்கட்டில் ஏறி, அங்கே கிடந்த பழைய லொறி ரயரில் இருந்தார். பிறகு தலையை நிமிர்த்தி என்னைத் தேடினார். என் முகத்தில் என்னத்தைக் கண்டாரோ, காலைத் தூக்கி என் பக்கமாக நீட்டினார்.

"உம்மடை தகட்டுக்கு ஒண்டுமில்லை. பட்டி அறுந்து போச்சு."

முழங்காலுக்கு மேலே இறுக்கிக் கட்டுகிற பழைய தோல்பட்டியின் வளையம் உப்பில் துருப்பிடித்து, வள்ளம் புறப்படும் நேரத்தில் உடைந்திருக்கிறது. அதனால் காலைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். காலையில் அந்தப் பக்கத் துறையில் தகப்பன்மார் வழமைபோலக் கை நீட்டியபோது, பக்கத்தில் நின்றால் போதும் என்று சொல்லிவிட்டுத் தானாகவே இறங்கினாராம். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் எங்களைப் பார்க்கவில்லை, கடலைப் பார்த்தார்.

நான் பாதத்தை வாங்கி இரண்டு கையாலும் வளைத்துப் பார்த்தேன். வளைந்து, விட்டதும் நிமிர்ந்தது. திரும்ப வளைத்தேன். அக்கா துறைக்கட்டில் அவருக்குப் பக்கத்தில் இருந்து, சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள், பிறகு இரண்டும். "ஒரு பட்டிக்காண்டி என்ரை உயிரை எடுத்துப்போட்டியள்" என்றாள்.

இடமாற்றக் கதை அன்றோடு முடிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். கடல் மோசமான நாட்களில் அது இப்போதும் வரும். ஆனால் முன்பு போல ஒவ்வொரு நாளும் வருவதில்லை. பட்டிக்குத் துருப்பிடிக்காத வளையம் ஒன்றைக் கால் செய்பவர் தேடிப் பொருத்தினார். நான் செய்து கொடுத்த முதல் தகடு, ரப்பர் தேய்ந்த பிறகும் பிரியாமல் இருந்ததால், அதை வெட்டிப் பார்க்க எனக்குத் தந்தார். நுணுக்குக்காட்டிக்குக் கீழே கரித்துணிக்கைகளைச் சுற்றி இடைவெளி எதுவும் தெரியவில்லை. இப்போது தீவுப்பகுதியில் இன்னும் சிலருடைய பாதங்களுக்குள்ளும் அதே கரிதான் இருக்கிறது. என் ஆய்வேட்டில், கழுவும் தண்ணீரைப் பற்றிய அத்தியாயம்தான் எல்லாவற்றிலும் நீளமானது.

பட்டி அறுந்த அன்று, அத்தான் காலை ஒரு கயிற்றால் கட்டிக்கொள்ள, நாங்கள் மூன்று பேரும் சரவணைக்குப் பஸ்ஸில் வந்தோம். அத்தான் யன்னல் பக்கம் இருந்து, அடுத்த நாள் பாடத்துக்குப் பின்னக் கணக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு உதாரணம் தேடுவதாகச் சொன்னார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே நித்திரையாகிவிட்டார். அக்கா அவருடைய தோளில் சாய்ந்து நித்திரையானாள். எனக்கும் கண்ணைத் திறந்து வைத்திருக்க ஏலவில்லை. இறங்கவேண்டிய இடம் கடந்துபோய், கொண்டக்டர் வந்து எழுப்பித்தான் இறங்கினோம். தூறல் விட்டிருந்தது. வந்த வழியே மெதுவாகத் திரும்பி நடந்தோம், ஒருவரும் அவசரப்படவில்லை.